மூன்றாம் வருடம் தண்ணீர் ஊற்றப்போவது யார்?

வாசகர் கேள்வி பதில்

31 வருடம் நகராட்சி வடிகால் பிரிவில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எல்லோரும் என்னிடம் மரத்தைப் பற்றிக் கேட்கிறார்கள், ஏரியைப் பற்றிக் கேட்கிறார்கள். சாக்கடையைப் பற்றி ஆசையாகக் கேட்பவர் யாரும் இல்லை. பரவாயில்லை, எங்கே ஆரம்பித்தாலும் பேச்சு கடைசியில் அங்கேதான் வந்து சேரும். இந்த மாதம் வந்த கடிதங்களில் எட்டுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் குடியிருப்போர் சங்கம் போன வருடம் 200 மரக்கன்றுகள் நட்டது. இன்று உயிரோடு இருப்பவை 31. இந்த முறை மியாவாக்கி முறையில் குறுங்காடு வைக்கலாம் என்று ஒரு யோசனை. சரிவருமா?

காட்டைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் அந்த 31 கன்றுகளையும் ஒரு சுற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். எவை பிழைத்தன என்று ஒரு தாளில் எழுதுங்கள். நான் இப்படி மூன்று நான்கு இடங்களில் எழுதிப் பார்த்திருக்கிறேன். பிழைத்தவை பெரும்பாலும் ஏதோ ஒரு வீட்டு வாசலில், ஏதோ ஒரு குழாய்க்குப் பக்கத்தில், தினம் ஒரே ஆள் கடந்து போகும் இடத்தில் இருந்தன. வகையும் மண்ணும் முக்கியம்தான். ஆனால் 'இது என் கன்று' என்று ஒருவர் மனதுக்குள் நினைத்துக்கொண்டாரா இல்லையா என்பதுதான் பல கன்றுகளின் தலையெழுத்தைத் தீர்மானித்தது.

சியரா லியோனின் தலைநகரம் ஃப்ரீடவுன் இதைத்தான் ஒரு திட்டமாகவே செய்தது. 2017 ஆகஸ்டில் அங்கே பெருமழையில் மலைச்சரிவு ஏற்பட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தோ காணாமலோ போனார்கள். சரிவுகளில் மரங்களை வெட்டித் தள்ளியதும் ஒரு காரணம். 2020-இல் மேயர் இவான் அகி-சாயர் பத்து லட்சம் மரத் திட்டத்தைத் தொடங்கினார். இதில் எனக்குப் பிடித்தது பத்து லட்சம் என்ற எண் அல்ல. ஒவ்வொரு கன்றுக்கும் ஓர் அடையாள எண் கொடுத்தார்கள். அந்தப் பகுதி ஆட்கள் திரும்பத் திரும்பப் போய், கன்று உயிரோடு இருப்பதைக் கைபேசியில் படமெடுத்துப் பதிவு செய்தால் கூலி. அதாவது நடுவதோடு கணக்கு முடியவில்லை, வளர்ப்பதற்கும் காசு. நாம் இங்கே நடும் நாளுக்கு மைக், பேனர், விருந்தினர் எல்லாம் ஏற்பாடு செய்கிறோம். நாற்பதாம் நாளுக்கு ஒரு வாளிகூட ஏற்பாடு செய்வதில்லை.

இப்போது மியாவாக்கி. அகிரா மியாவாக்கி (1928–2021) ஜப்பானியத் தாவரவியலாளர். ஊரெல்லாம் காடு அழிந்தாலும் ஷிண்டோ கோயில்களைச் சுற்றியிருந்த பழைய தோப்புகள் மட்டும் மிஞ்சியிருப்பதைக் கவனித்தவர். மனிதர் கை வைக்காமல் விட்டால் அந்த மண்ணில் எது தானாக வளர்ந்திருக்குமோ அதை நடு என்பதுதான் அவருடைய முறையின் உயிர். அந்தப் பாதியை மறந்துவிட்டு, 'நெருக்கமாக நடு' என்பதை மட்டும் நம் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். நர்சரியில் கிடைக்கும் முப்பது வகையைச் சதுர மீட்டருக்கு மூன்று வீதம் அடைத்துவிட்டால் அது மியாவாக்கி ஆகிவிடாது. மண்ணைக் கிளறி மட்கு கலக்க வேண்டும், சருகோ வைக்கோலோ பரப்பிக் கனமாக மூடாக்குப் போட வேண்டும், முதல் இரண்டு மூன்று வருடம் களை எடுத்துத் தண்ணீர் விட வேண்டும். அதற்குப் பிறகுதான் 'தானாக வளரும்' என்ற பேச்சு. உங்கள் இடம் இயல்பிலேயே புல்வெளியாகவோ புதர்க்காடாகவோ இருந்ததென்றால் அங்கே அடர்காடு வைப்பதே தப்பு. அதற்கும் பறவைகள், பூச்சிகள் என்று ஒரு கூட்டம் உண்டு.

சங்கக் கூட்டத்தில் ஒரே கேள்வி கேளுங்கள்: மூன்றாம் வருடம் கோடையில் தண்ணீர் ஊற்றப்போவது யார்? பெயர் சொல்ல முடிந்தால் நடுங்கள். முடியாவிட்டால், இருக்கும் 31-ஐச் சுற்றி அடிமரம் வரை பூசிவைத்திருக்கும் சிமெண்டை உடைத்து, ஒரு மீட்டர் மண் திறந்து விடுங்கள். அதுவே பெரிய வேலை.

தென்கொரியாவில் மேம்பாலத்தை இடித்துவிட்டு ஆற்றைத் திரும்பக் கொண்டுவந்தார்களாமே? எல்லா நகரத்திலும் அப்படிச் செய்ய முடியாதா?

சோல் நகரத்து சோங்கேசோன் ஓடையைச் சொல்கிறீர்கள். 1950-களின் கடைசியில் அதை மூட ஆரம்பித்தார்கள், அப்புறம் மேலே உயர்த்திய நெடுஞ்சாலை போட்டார்கள். 2003-இல் இடித்து, 2005-இல் 5.8 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடையைத் திறந்துவிட்டார்கள். கோடையில் பக்கத்துச் சாலைகளைவிட ஓடையோரம் சில டிகிரி குளிர்ச்சி. மீன், பறவை எல்லாம் வந்தன. உண்மைதான்.

சுற்றுலாப் படங்களில் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அந்தத் தண்ணீர் தானாக ஓடவில்லை. நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 1,20,000 டன் தண்ணீரை மோட்டார் வைத்து இறைக்கிறார்கள்; பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து, மீதி சுரங்க ரயில் நிலையங்களில் ஊறும் நிலத்தடி நீர். மோட்டார் நின்றால் ஓடையும் நின்றுவிடும். அங்கே பிழைத்துக்கொண்டிருந்த சிறு வியாபாரிகள் இடம் பெயர வேண்டியிருந்தது என்பதும் கதையின் ஒரு பகுதி. இதையெல்லாம் சொல்வது திட்டத்தை மட்டம் தட்ட அல்ல. நான் அங்கே பார்த்திருந்தால் நானும் வாயைப் பிளந்துதான் நின்றிருப்பேன். ஆனால் பின்பற்றுவதற்கு என்று கேட்டால் சிங்கப்பூரைத்தான் காட்டுவேன். பீஷான்–ஆங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் நேர்கோட்டுக் கான்கிரீட் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாற்றி 2012-இல் திறந்தார்கள். கரையைப் பிடித்துவைக்கக் கல், செடி, வேர் என்று பல முறைகளை முதலில் சின்ன அளவில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் ஆற்றில் கை வைத்தார்கள். மழை நேரத்தில் நீர் ஏறினால் பூங்காவில் இருப்பவர்களை எச்சரிக்கச் சைரன் வைத்திருக்கிறார்கள். வெள்ளம் வந்தால் பூங்காவே ஆற்றின் படுகை. வடிந்ததும் மறுபடி விளையாட்டு இடம்.

இதை எழுதும்போது ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நான்காம் வருடம் ஒரு ஓடைக்கு அடியும் பக்கமும் கான்கிரீட் போடும் வரைபடம் வரைந்தவன் நானேதான். அப்போது பெருமையாக இருந்தது. தண்ணீர் 'சிக்கலில்லாமல்' வேகமாகப் போனது. போய், இரண்டு கிலோமீட்டர் கீழே இருந்தவர்கள் வீட்டுக்குள் புகுந்தது. அந்தப் பகுதிக்கு அதற்கு முன்னால் அவ்வளவு வெள்ளம் வந்ததில்லை.

மேம்பாலத் தூண்களில் செங்குத்துத் தோட்டம் வைக்கிறார்களே, நல்லதா?

கண்ணுக்கு நல்லது. சின்னச் சின்னப் பிளாஸ்டிக் தொட்டி, கையளவு மண், சொட்டுநீர்க் குழாய், ஒரு மோட்டார். மோட்டார் ஒரு வாரம் பழுதானால் எல்லாம் சருகு. அதே பணத்தில் தரையில் வேரூன்றும் மரமோ கொடியோ வைக்கலாம். கொலம்பியாவின் மெடயினில் 2016-இலிருந்து 30 பசுமை வழித்தடங்களைச் சாலையோரத்திலும் ஓடையோரத்திலும் வளர்த்தார்கள். வெப்பம் 2 டிகிரி அளவுக்குக் குறைந்தது. அங்கே வசதி குறைந்த பகுதிகளிலிருந்து 75 பேரைத் தேர்ந்தெடுத்துத் தோட்டக்காரர்களாகப் பயிற்சி கொடுத்து வேலைக்கு வைத்தார்கள். செடியோடு ஆளையும் சேர்த்துத் திட்டமிட்டார்கள்.

எங்கள் அடுக்ககத்தில் சமையலறைக் கழிவை மட்க வைக்கும் தொட்டி வைத்தோம். மூன்றே வாரத்தில் நாற்றம். தரைத்தள வீட்டுக்காரர் போலீசுக்குப் போவேன் என்கிறார். மூடிவிடுவதா?

மூடாதீர்கள். முதலில் மூக்கைக் கொண்டு வாருங்கள். நாற்றத்தில் வகை இருக்கிறது. அழுகிய முட்டை மாதிரி வந்தால் உள்ளே காற்று இல்லை, ஈரம் அதிகம். கண்ணைக் கரிக்கும் அம்மோனியா நெடி வந்தால் பச்சைக் கழிவு அதிகம், காய்ந்த பொருள் போதவில்லை.

எனக்குத் தெரிந்து பத்தில் எட்டுத் தொட்டிகள் கெடுவதற்குக் காரணம் சருகு இல்லாததுதான். ஆர்வத்தில் கழிவை மட்டும் கொட்டிக்கொண்டே போகிறோம். நுண்ணுயிர்களுக்குக் கார்பனும் நைட்ரஜனும் ஏறக்குறைய 30-க்கு 1 என்ற விகிதத்தில் வேண்டும். தராசெல்லாம் வேண்டாம். ஒரு வாளி கழிவு போட்டால் இரண்டு வாளி காய்ந்த இலையோ மரத்தூளோ கிழித்த அட்டையோ போடுங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். பிழிந்த துணி மாதிரி ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. வாரம் ஒரு முறையாவது கிளறுங்கள். நடுவில் சூடு 55 டிகிரியைத் தாண்டினால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். கிருமியும் களைவிதையும் அந்தச் சூட்டில் சாகும். தொட்டி ரொம்பச் சின்னதாக இருந்தால் சூடு பிடிக்காது. எல்லாப் பக்கமும் ஒரு மீட்டராவது இருப்பது நல்லது. கொழுத்த புழுக்கள் நெளிந்தால் அலற வேண்டாம், பெரும்பாலும் அவை கழிவைத் தின்று தீர்க்கும் படைவீர ஈயின் புழுக்கள்தான்.

ஆக, உங்களுக்கு இப்போது அவசரமாக வேண்டியது சருகுக் கிடங்கு. தெருவில் பெருக்கி எரிக்கும் இலையை மூட்டையில் வாங்கி வையுங்கள். இரண்டு பிரச்சினைக்கு ஒரே மருந்து.

தென்கொரியாவில் உணவுக் கழிவைக் குப்பை மேட்டில் புதைப்பதை 2005-இல் தடை செய்தார்கள். 2013-இலிருந்து போடும் அளவுக்கு ஏற்பக் கட்டணம். பல அடுக்ககங்களில் எடை பார்க்கும் தொட்டி இருக்கிறது, அட்டையைக் காட்டினால் திறக்கும், எடைக்குத் தக்க காசு பிடிக்கும். உணவுக் கழிவின் எடையில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் வீட்டிலேயே வடித்துவிட்டுக் கொண்டுவருவது அங்கே பழக்கமாகிவிட்டது. உங்கள் தொட்டிக்கும் அந்தப் பழக்கம் உதவும். அப்புறம், தரைத்தள வீட்டுக்காரர். நாற்றம் அவர் ஜன்னலுக்குத்தானே போகிறது? தொட்டியை இடம் மாற்றுங்கள். முதல் மட்கை அவர் வீட்டுச் செடிகளுக்கே கொடுங்கள்.

ஒவ்வொரு மழைக்கும் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். தெரு முனையில் ஒரு உறிஞ்சு குழி வெட்டினால் தீருமா?

கணக்குப் போடுவோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். உங்கள் தெரு 200 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் என்று வையுங்கள், 1,200 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் சாலையில் மட்டும் விழுவது 60,000 லிட்டர். மொட்டைமாடித் தண்ணீரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஒரு மீட்டர் விட்டம், மூன்று மீட்டர் ஆழத்தில் குழி வெட்டினால் கொள்ளளவு சுமார் 2,350 லிட்டர். அதற்குள் ஜல்லியை நிரப்பினால் மிஞ்சும் இடம் ஆயிரம் லிட்டருக்கும் குறைவு. 60,000-க்கு ஆயிரம்! குழி உறிஞ்சும்தான், ஆனால் மழை கொட்டும் வேகத்துக்கு உறிஞ்சாது.

அதனால் குழி வேண்டாம் என்று சொல்லவில்லை. முனையில் ஒன்று என்பதற்குப் பதில் வீட்டுக்கு வீடு ஒன்று என்று யோசியுங்கள். தண்ணீர் சேர்ந்த பிறகு பிடிப்பதைவிட விழுந்த இடத்திலேயே நிறுத்துவது சுலபம். வெட்டுவதற்கு முன்னால் ஓர் அடி ஆழம் தோண்டி, தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று கடிகாரம் பாருங்கள். மறுநாள் காலை வரை அப்படியே நின்றால் அந்த மண்ணில் உறிஞ்சு குழி வெறும் கொசுத் தொட்டி. நிலத்தடி நீர் மேலாகவே இருக்கும் இடத்திலும் கழிவுநீர்த் தொட்டிக்குப் பக்கத்திலும் வெட்டவே வெட்டாதீர்கள். குழிக்கு முன்னால் வண்டல் தங்க ஒரு சின்ன அறை கட்டுங்கள். அதை வருடா வருடம் வாராவிட்டால் நான்கைந்து மழைக்காலத்தில் குழி செத்துவிடும்.

கோபன்ஹேகனில் 2011 ஜூலை 2-ஆம் தேதி சில இடங்களில் இரண்டு மணி நேரத்தில் 150 மில்லிமீட்டர் கொட்டியது. நகரமே மூழ்கியது. எல்லாக் குழாயையும் பெரிதாக்குவது கட்டுப்படியாகாது என்று பார்த்து, 2012-இல் ஒரு திட்டம் போட்டார்கள்: சுமார் 300 சின்னதும் பெரிதுமான வேலைகள். தார் போட்ட சதுக்கத்தை உடைத்துப் பள்ளமான தோட்டமாக்குவது, பூங்காவைக் கிண்ணம் மாதிரித் தாழ்த்துவது, சில தெருக்களையே வெள்ளம் போகும் வழியாக்குவது. எங்காபர்கன் என்ற பழைய பூங்கா மட்டும் 22,600 கன மீட்டர் தண்ணீர் பிடிக்கும். மற்ற நாளில் அங்கே பந்து விளையாடுகிறார்கள். அடைபட்டால் தெரியாத குழாயை நம்புவதைவிட, கண்ணெதிரே இருக்கும் பள்ளத்தை நம்பலாம்.

இன்னொன்றையும் பாருங்கள். உங்கள் சாலையின் உயரம் என்ன? பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே அடுக்கிக்கொண்டே போயிருந்தால், சாலை வாசற்படிக்கு மேலே ஏறியிருக்கும். அதற்குக் குழி மருந்தல்ல. அடுத்த முறை சாலை போட வரும்போது சுரண்டச் சொல்லிச் சங்கத்தின் பெயரில் எழுதிக் கொடுங்கள், வேலை நடக்கும் அன்று பக்கத்தில் போய் நில்லுங்கள்.

மொட்டைமாடிக்கு வெள்ளை அடித்தால் வீடு குளிருமா, இல்லை விளம்பரமா?

குளிரும். புதிதாக அடித்த வெள்ளைப் பூச்சு வெயிலில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். கறுத்த கூரை 10 சதவீதம்கூட அனுப்பாது. மேல்தள வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை வித்தியாசம் தெரியலாம். கீழ்த்தளத்தில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது, அதனால்தான் அடுக்ககக் கூட்டங்களில் இந்தத் தீர்மானம் தோற்றுப்போகிறது. 2010 வெப்ப அலையில் அடிபட்ட அகமதாபாத், 2013-இல் வெப்பத் தடுப்புத் திட்டம் போட்டது. பிற்பாடு ஏழைக் குடியிருப்புகளின் கூரைக்கு வெள்ளை அடிப்பதும் அதில் சேர்ந்தது. தகரக் கூரைக்குக் கீழே மின்விசிறியோடு படுப்பவருக்கு அந்த மூன்று டிகிரி என்பது தூக்கம்.

தூசி படிந்தால் பலன் பாதியாகலாம். கோடைக்கு முன்னால் ஒரு முறை கழுவுங்கள்.

எங்கள் பகுதி ஏரியைத் தூர்வாரி, நடைபாதை போட்டு, நடுவில் நீரூற்றும் வைத்தார்கள். ஒரே வருடத்தில் மீன்கள் செத்து மிதக்கின்றன. ஏன்?

கரையோரமாக நடந்து, குழாய் எங்கெல்லாம் வந்து விழுகிறது என்று பாருங்கள். மழை பெய்யாத நாளில் போங்கள். மழையில்லாத நாளிலும் மழைநீர்க் குழாயில் தண்ணீர் வந்தால் அது மழைநீர் அல்ல.

கழிவுநீரில் இருக்கும் பாஸ்பரசும் நைட்ரஜனும் பாசிக்கு விருந்து. பகலில் பாசி ஆக்சிஜன் விடும், இரவில் அதுவே எடுத்துக்கொள்ளும். செத்த பாசி மட்கும்போது இன்னும் கொஞ்சம் போகும். விடியற்காலையில் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். அதனால்தான் செத்த மீனைக் காலை நடை போகிறவர்கள் முதலில் பார்க்கிறார்கள். நீரூற்றுக் கொஞ்சம் காற்றைக் கலக்கும், ஆனால் அதை இரவில் நிறுத்திவிடுவார்கள். வேண்டிய நேரம் அதுதான்!

நடைபாதைக்காகக் கரையைச் செங்குத்தாக்கியிருந்தால் இன்னொரு நஷ்டம். சரிவான ஓரத்தில் கோரையும் நாணலும் நிற்கும், வரும் தண்ணீரைக் கொஞ்சம் வடிகட்டும், மீன் குஞ்சுக்கு மறைவிடம் கொடுக்கும். அதைக் 'குப்பை' என்று சுத்தம் செய்துவிடுகிறோம். குழாயைத் திருப்ப நாளாகும் என்றால், அது ஏரிக்குள் விழும் இடத்தில் ஆழமில்லாத சதுப்பு ஒன்றை உண்டாக்கி நாணல் வளர்க்கச் சொல்லுங்கள். நாணலை அவ்வப்போது அறுத்து வெளியே கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் அது உறிஞ்சிய சத்து மக்கித் திரும்ப ஏரிக்கே போகும். கொல்கத்தாவுக்குக் கிழக்கே 12,500 ஹெக்டேர் சதுப்பு நிலத்தில் நகரத்துக் கழிவுநீரை வெயிலும் பாசியும் மீனும் சேர்ந்து சுத்தம் செய்கின்றன. 2002-இல் அது ராம்சர் நிலமானது, அதாவது சர்வதேச ஒப்பந்தத்தின் கீழ் முக்கியமான சதுப்பு நிலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே எவ்வளவு கழிவுநீரை எப்போது உள்ளே விடலாம் என்பதைத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே சொல்லும் மீன்காரர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஏரியிலும் மீன் பிடிப்பவர்கள் இருப்பார்கள். நடைபாதை போடுவதற்கு முன்னால் யாராவது அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறீர்களே ஐயா, உங்கள் வீட்டில் என்ன செய்திருக்கிறீர்கள்?

இந்தக் கேள்வியை ஒதுக்கிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மொட்டைமாடித் தண்ணீரைத் தொட்டியில் சேர்க்க மணல், கரி, ஜல்லி அடுக்கிய ஒரு வடிகட்டி கட்டினேன். என் கையால் வரைந்த வரைபடம். அக்கம்பக்கத்தில் நான்கு பேர் வந்து பார்த்துப் படமெடுத்துப் போனார்கள். போன மழைக்காலத்தில் தண்ணீர் தொட்டிக்குப் போகாமல் வழிந்து படிக்கட்டு வழியாகக் கூடத்துக்குள் வந்துவிட்டது. மூடியைத் திறந்தால் மணல் மேல் ஓர் அங்குலத்துக்குப் பாசி, அதில் ஒரு செடிவேறு முளைத்து நான்கு இலை விட்டிருக்கிறது. "இதைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்?" என்று மனைவி கேட்டாள். கட்டிய நாளிலிருந்து கழுவவில்லை.

இப்போது சமையலறை நாட்காட்டியில் மாதத்தின் முதல் ஞாயிறு சிவப்பில் வட்டமிட்டிருக்கிறது. வட்டமிட்டது அவள். செடியைத் தொட்டியில் நட்டு வைத்திருக்கிறேன், என்ன செடி என்று இன்னும் தெரியவில்லை.